அடைபட்ட காதுக் குழாய்க்கு எந்தச் சொட்டு மருந்து?

உங்கள் காதில் அல்லது உங்கள் பேரப்பிள்ளையின் காதில் காற்றோட்டக் குழாய் பொருத்தப்பட்டிருக்கிறதா? அந்தக் குழாய் அடைத்துக்கொண்டது என்று மருத்துவர் சொன்னாரா? வீட்டிலுள்ள காதுச் சொட்டு மருந்தைக் கையில் எடுப்பதற்கு முன் இந்தக் கையேட்டைப் படியுங்கள்.

முக்கியமாக நினைவில் கொள்ளவேண்டியவை

• எல்லா அடைப்புக்கும் ஏற்ற ஒரே சொட்டு மருந்து என்று எதுவும் இல்லை. குழாயை அடைத்திருப்பது என்ன என்பதைப் பொறுத்தே மருந்து மாறும்.
• சாதாரணக் காதுக்குப் பாதுகாப்பான மருந்து, குழாய் உள்ள காதுக்குப் பாதுகாப்பானதாக இல்லாமல் போகலாம்.
• மருந்தைச் சரியான முறையில் விட்டால்தான் அது குழாய்க்குள் செல்லும்.

காற்றோட்டக் குழாய் என்றால் என்ன?

நம் செவிப்பறைக்குப் பின்னால் நடுக்காது என்னும் சிறிய அறை இருக்கிறது. அதில் எப்போதும் காற்று இருக்கவேண்டும். மூக்கின் பின்புறத்தையும் நடுக்காதையும் இணைக்கும் மெல்லிய இயற்கைக் குழாய் வழியாக அந்தக் காற்று வந்துபோகிறது. இந்த வழி சரியாகத் திறக்காவிட்டால் நடுக்காதில் நீர் தேங்கும். காது அடைத்தாற்போல் இருக்கும். கேட்கும் திறன் குறையும். அடிக்கடி கிருமித் தொற்று வரலாம்.

இதைச் சரிசெய்ய, மருத்துவர் செவிப்பறையில் மிகச் சிறிய துளையிட்டு அதில் ஒரு குட்டிக் குழாயைப் பொருத்துவார். இதைச் சிலர் ‘கிரோமெட்’ என்றும் சொல்வார்கள். 1954ஆம் ஆண்டில் அமெரிக்க மருத்துவர் ஆம்ஸ்ட்ராங் பிளாஸ்டிக் குழாயைப் பயன்படுத்திய பிறகு இந்தச் சிகிச்சை பரவலானது. குழாயின் உள்துளை ஏறக்குறைய 1 மில்லிமீட்டர் அகலம்தான் இருக்கும். வழக்கமான குழாய் 6 முதல் 18 மாதங்களில் தானாகவே வெளியே வந்துவிடும். நீண்ட காலம் இருக்கும்படி செய்யப்பட்ட குழாய்களும் உள்ளன.

குழந்தைகளுக்கே இந்தக் குழாய் அதிகம் பொருத்தப்படுகிறது. பெரியவர்களுக்கும் தேவைப்படலாம். மூக்கு, தொண்டைப் பகுதியில் கதிர்வீச்சுச் சிகிச்சை பெற்றவர்களுக்கு நடுக்காதில் நீர் தேங்குவது உண்டு.

கவனிக்க: பெரியவர் ஒருவருக்கு ஒரு காதில் மட்டும் பல வாரங்களாக அடைப்பு இருந்தால், மருத்துவர் மூக்கின் பின்புறத்தையும் பரிசோதிப்பது அவசியம். அங்குள்ள கட்டியும் இத்தகைய அடைப்பை உண்டாக்கலாம். ‘வயதானால் காது மந்தமாகும்’ என்று விட்டுவிடாதீர்கள்.

குழாய் ஏன் அடைத்துக்கொள்கிறது?

துளை மிகச் சிறியது என்பதால் கொஞ்சம் கசிவு காய்ந்தாலே வழி மூடிவிடும். அடைப்புக்குப் பொதுவான காரணங்கள் நான்கு.

1. குழாய் பொருத்தியபோது கசிந்த இரத்தம் காய்ந்துபோவது.
2. சளிப் பிடித்தபோது நடுக்காதிலிருந்து வந்த கசிவு குழாய்க்குள் உறைந்துவிடுவது.
3. காது அழுக்கு, அதாவது குறும்பி, குழாயின் வாயை மூடிவிடுவது.
4. கிருமித் தொற்றினால் குழாயைச் சுற்றிச் சதை வளர்ந்துவிடுவது.

அடைத்துவிட்டதை எப்படித் தெரிந்துகொள்வது?

முன்பு நன்றாகக் கேட்ட காது மறுபடியும் மந்தமாகலாம். காதுக்குள் பஞ்சு வைத்தாற்போல் இருக்கலாம். பிள்ளைகள் தொலைக்காட்சியின் ஒலியைக் கூட்டுவார்கள், கூப்பிட்டால் திரும்ப மாட்டார்கள், “என்ன, என்ன?” என்று கேட்டுக்கொண்டே இருப்பார்கள். சிலருக்கு எந்த அறிகுறியும் இருக்காது.

வீட்டிலிருந்தபடி குழாயைப் பார்க்க முடியாது. மருத்துவர் விளக்குக் கருவியால் காதுக்குள் பார்ப்பார். தேவைப்பட்டால் காதின் காற்றழுத்தத்தை அளக்கும் பரிசோதனையும் செய்வார். குழாய் திறந்திருந்தால், கருவி காதுத் துவாரத்தையும் நடுக்காதையும் சேர்த்து அளக்கும். எனவே அளவு பெரிதாக இருக்கும். குழாய் அடைத்திருந்தால் காதுத் துவாரத்தின் அளவு மட்டுமே தெரியும். இந்தப் பரிசோதனைக்குச் சில நிமிடங்களே ஆகும், வலிக்காது.

எல்லா அடைப்புக்கும் மருந்து தேவையா?

தேவையில்லை. குழாய் அடைத்திருந்தாலும் நடுக்காதில் நீர் இல்லாமல், காதும் நன்றாகக் கேட்டால், மருத்துவர் காத்திருந்து கவனிக்கலாம் என்று சொல்லக்கூடும். குழாயின் வேலை முடிந்து அது வெளியே வரும் நேரமாகவும் அது இருக்கலாம். மருந்து கொடுக்காமல் அனுப்பினால் கவனிக்காமல் விட்டுவிட்டார்கள் என்று நினைக்கவேண்டாம். அடுத்த பரிசோதனைக்கு எப்போது வரவேண்டும் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

கேட்கும் திறன் குறைந்திருந்தால், நீர் மறுபடியும் தேங்கியிருந்தால், அல்லது தொற்று இருந்தால் அடைப்பை நீக்கவேண்டிவரும். அப்போது பெரும்பாலும் முதலில் சொட்டு மருந்தையே முயன்று பார்ப்பார்கள்.

குழாய் உள்ள காது, திறந்த கதவு போன்றது

சாதாரணக் காதில் செவிப்பறை ஒரு மூடிய கதவு. சொட்டு மருந்து அதைத் தாண்டிச் செல்லாது. குழாய் பொருத்திய காதில் அந்தக் கதவில் ஒரு துளை இருக்கிறது. நீங்கள் விடும் மருந்து நடுக்காதுக்குப் போகலாம். அங்கிருந்து ஒரு மெல்லிய சவ்வைக் கடந்து உட்காதையும் எட்டலாம்.

ஒலியை உணரும் நுண்ணிய செல்கள் உட்காதில் இருக்கின்றன. உடல் சமநிலையைக் காக்கும் உறுப்பும் அங்கேதான் இருக்கிறது. அந்தச் செல்கள் ஒருமுறை அழிந்தால் மீண்டும் வளர்வதில்லை. குழாய் இப்போது அடைத்திருக்கிறதே, மருந்து எப்படி உள்ளே போகும் என்று எண்ணவேண்டாம். அடைப்பு கரைந்ததும் அதே மருந்து உள்ளே போகும்.

சொட்டு மருந்துகள்: ஓர் ஒப்பீடு

மருந்தின் பெயர் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் அச்சிடப்பட்டிருக்கும். வாசிக்கச் சிரமமாக இருந்தால் மருந்தாளரிடம் புட்டியைக் காட்டி, அதிலுள்ள மருந்துகளின் பெயரை வாசித்துச் சொல்லும்படி கேளுங்கள்.

உப்புநீர்க் கரைசல்
எதற்கு: காய்ந்த கசிவை ஈரமாக்கி இளக்குவதற்கு.
நன்மை: மென்மையானது, எரிச்சல் குறைவு.
குறை: கெட்டியான அடைப்பைக் கரைக்கும் ஆற்றல் குறைவு.
கவனம்: மருந்தகத்தில் தரும் கிருமி நீக்கிய கரைசலையே பயன்படுத்தவேண்டும். சமையல் உப்பைத் தண்ணீரில் கலந்து விடக்கூடாது.

சோடியம் பைகார்பனேட் சொட்டு மருந்து
எதற்கு: குறும்பியை உதிர்த்து இளக்குவதற்கு.
நன்மை: இதில் எண்ணெய் இல்லை, குறும்பி அடைப்பில் நன்றாக வேலை செய்யும்.
குறை: காதுத் துவாரத்தின் தோல் வறண்டு அரிப்பு எடுக்கலாம். தொற்றைக் குணப்படுத்தாது.
கவனம்: குழாய் இருக்கிறது என்று தெரிந்த மருத்துவர் சொன்னால் மட்டும் பயன்படுத்துங்கள். சமையலறையிலுள்ள சோடா மாவைக் கரைத்து விடக்கூடாது.

ஹைட்ரஜன் பெராக்சைடு
எதற்கு: காய்ந்த இரத்தத்தையும் சளியையும் நுரைக்கவைத்துப் பெயர்ப்பதற்கு.
நன்மை: நுரை எழும்பி அடைப்பை உடைக்கும்.
குறை: காதுக்குள் ‘சொரசொர’ என்ற சத்தம் கேட்கும், எரிச்சல் வரலாம். மருந்து நடுக்காதுக்குள் சென்றால் உட்காதைப் பாதிக்கலாம் என்ற ஐயத்தை விலங்குகளிடம் நடத்திய ஆய்வுகள் எழுப்பியுள்ளன. அதனால் சில மருத்துவர்கள் இதைத் தருவார்கள். வேறு சிலர் தவிர்ப்பார்கள்.
கவனம்: புண்ணைக் கழுவ வாங்கி வைத்த புட்டியிலிருந்து எடுத்துக் காதில் விடவே கூடாது. மருத்துவர் சொன்ன அடர்த்தியிலும் சொன்ன நாள்களுக்கும் மட்டுமே பயன்படுத்தவேண்டும்.

ஆஃப்லாக்சசின், சிப்ரோஃப்ளாக்சசின்
எதற்கு: கிருமித் தொற்றுக்கும், காதிலிருந்து சீழ் வடியும்போதும். சில புட்டிகளில் இத்துடன் வீக்கத்தைக் குறைக்கும் டெக்ஸாமெதசோன் என்ற ஸ்டீராய்டு மருந்தும் கலந்திருக்கும். குழாயைச் சுற்றிச் சதை வளர்ந்திருந்தால் அது உதவும்.
நன்மை: உட்காதைப் பாதிக்காத வகையைச் சேர்ந்த மருந்துகள் என்பதால் குழாய் உள்ள காதுக்கு ஏற்றவை.
குறை: இவை கிருமியைக் கொல்லும் மருந்துகள். அடைப்பை ஈரமாக்குமே தவிர, குறும்பியைக் கரைப்பதற்காகச் செய்யப்பட்டவை அல்ல.
கவனம்: மருத்துவர் வேறுவிதமாகச் சொல்லாவிட்டால் 10 நாள்களுக்கு மேல் விடக்கூடாது. அளவுக்கு மீறிப் பயன்படுத்தினால் காதில் பூஞ்சை வளரலாம்.

நியோமைசின், ஜென்டமைசின், ஃப்ரமைசெட்டின் கலந்த சொட்டு மருந்துகள்
காதுத் துவாரத்தில் வரும் தொற்றுக்கு இவை பல காலமாகப் பயன்பட்டு வருகின்றன. ஆனால் இவ்வகை மருந்துகள் உட்காதின் செல்களைச் சேதப்படுத்தக்கூடியவை. குழாய் உள்ள காதில் நீங்களாக இவற்றை விடக்கூடாது. அரிதாகச் சில சூழல்களில் நிபுணர் குறுகிய காலத்துக்குத் தரலாம். அது அவருடைய கண்காணிப்பில் நடக்கவேண்டும்.

கடையில் கிடைக்கும் குறும்பி இளக்கும் மருந்து, எண்ணெய், ஸ்பிரிட், வினிகர்
குழாய் உள்ள காதுக்கு இவை வேண்டாம். குறும்பி இளக்கும் பல மருந்துகளின் உறையிலேயே, செவிப்பறையில் துளை இருந்தால் பயன்படுத்தக்கூடாது என்று அச்சிடப்பட்டிருக்கும். ஸ்பிரிட்டும் வினிகரும் கடும் வலியை உண்டாக்கலாம்.

அப்படியானால் எது சிறந்தது?

ஆய்வுக்கூடத்தில், குழாய்க்குள் இரத்தத்தையோ சளியையோ உறையவைத்து, எந்த மருந்து விரைவில் கரைக்கிறது என்று ஆராய்ந்திருக்கிறார்கள். நோயாளிகளிடமும் சில ஆய்வுகள் நடந்துள்ளன. ஆயினும் மற்ற எல்லாவற்றையும்விட இதுவே மேல் என்று ஒரு மருந்தைச் சுட்டிக்காட்டும் அளவுக்கு உறுதியான சான்று இல்லை.

ஆகவே மருத்துவர் இரண்டு கேள்விகளை வைத்து முடிவெடுப்பார். குழாயை அடைத்திருப்பது எது? அந்த மருந்து உள்ளே போனால் பாதுகாப்பானதா? குறும்பி என்றால் ஒரு மருந்து, சீழ் என்றால் வேறு மருந்து. பக்கத்து வீட்டுக்காரரின் குழாயைத் திறந்த மருந்து உங்கள் குழாயையும் திறக்கும் என்று சொல்ல முடியாது.

சொட்டு மருந்து பலன் தராவிட்டால், காது, மூக்கு, தொண்டை நிபுணர் நுண்ணோக்கி வழியாகப் பார்த்து அடைப்பை உறிஞ்சி எடுப்பார். பெரியவர்களுக்குப் பெரும்பாலும் மருந்தகத்திலேயே இதைச் செய்துவிடலாம். தேவையென்றால் குழாயை மாற்றுவார்.

மருந்தை எப்படி விடுவது?

ஒரு மில்லிமீட்டர் துளையின் வாயில் நீர்த்துளி தானாக இறங்காது. இலைமேல் நிற்கும் பனித்துளிபோல் அங்கேயே நின்றுவிடும். அதை உள்ளே தள்ளிவிடவேண்டும். அதனால் 6ஆம் படி மிக முக்கியம்.

1. கைகளைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.
2. புட்டியை இரண்டு மூன்று நிமிடம் உள்ளங்கையில் வைத்திருங்கள். குளிர்ந்த மருந்து காதில் பட்டால் தலை சுற்றும். வெந்நீரிலோ மைக்ரோவேவ் அடுப்பிலோ சூடாக்கவேண்டாம்.
3. காதின் வெளிப்புறத்தில் சீழ் இருந்தால் மெல்லிய தாளால் ஒற்றி எடுங்கள். சீழ் நிறைந்திருந்தால் மருந்து உள்ளே போகாது. மருத்துவரிடம் சுத்தம் செய்துகொள்ளுங்கள்.
4. அந்தக் காது மேலே இருக்கும்படி ஒருக்களித்துப் படுங்கள். பெரியவர்களுக்குக் காது மடலை மேலும் பின்னுமாக இழுங்கள். 3 வயதுக்குக் குறைந்த பிள்ளைக்குக் கீழும் பின்னுமாக இழுங்கள். மெதுவாக இழுத்தால் போதும்.
5. மருத்துவர் சொன்ன எண்ணிக்கையில் சொட்டுகளை விடுங்கள். புட்டியின் முனை காதில் படக்கூடாது.
6. காதுத் துவாரத்துக்கு முன்னால் சிறு மேடுபோல் இருக்கும் குருத்தெலும்பை விரலால் நான்கைந்து முறை மெதுவாக அழுத்தி அழுத்தி விடுங்கள்.
7. ஐந்து நிமிடம் அப்படியே படுத்திருங்கள்.

மருந்து விட்டதும் தொண்டையில் கசப்புத் தெரிந்தால் பயப்படவேண்டாம். குழாய் வழியாக மருந்து நடுக்காதுக்குப் போய், அங்கிருந்து தொண்டைக்கு இறங்கியிருக்கிறது. அதாவது, குழாய் திறந்திருக்கிறது. அதற்காக மருந்தை இடையில் நிறுத்திவிடாதீர்கள். சொன்ன நாள்வரை விட்டு, மறுபரிசோதனைக்குச் செல்லுங்கள்.

உங்களுக்குக் கை நடுக்கம் இருந்தால் அல்லது பார்வை மங்கலாக இருந்தால் வீட்டிலுள்ள ஒருவரை விடச் சொல்லுங்கள்.

ஓர் எடுத்துக்காட்டு

பகலில் பேரனைப் பார்த்துக்கொள்ளும் ஒரு பாட்டியைக் கற்பனை செய்துகொள்வோம். நான்கு வயதுப் பேரனுக்குச் சென்ற ஆண்டு குழாய் பொருத்தினார்கள். சளிப் பிடித்தபோது இரண்டு நாள் காதில் சீழ் வடிந்து நின்றுபோனது. பிறகு அவன் கூப்பிட்டால் திரும்பவில்லை.

தாத்தாவின் காது அரிப்புக்காக வாங்கிய சொட்டு மருந்து அலமாரியில் பாதி இருக்கிறது. ‘இதுவும் காதுக்குத்தானே, எதற்கு வீண் செலவு?’ என்று பாட்டிக்குத் தோன்றியது. ஆனாலும் அந்தப் புட்டியையும் எடுத்துக்கொண்டு பேரனுடன் மருந்தகத்துக்குப் போனார். அதில் நியோமைசின் இருப்பதை மருந்தாளர் பார்த்துச் சொன்னார். காய்ந்த சீழ் குழாயை அடைத்திருப்பதைக் கண்ட மருத்துவர், குழாய் உள்ள காதுக்கு ஏற்ற வேறொரு மருந்தை ஏழு நாள்களுக்கு எழுதிக்கொடுத்தார்.

நான்காம் நாள் பேரன் முகத்தைச் சுளித்து, “பாட்டி, தொண்டையில கசக்குது” என்றான். குழாய் திறந்துவிட்டது என்று பாட்டி தெரிந்துகொண்டார். இருந்தும் ஏழு நாளும் மருந்து விட்டு, மறுபரிசோதனைக்கும் அழைத்துச் சென்றார்.

வீட்டில் கவனிக்கவேண்டியவை

பூண்டு போட்டுக் காய்ச்சிய நல்லெண்ணெய்: காது வலித்தால் இதை விடும் வழக்கம் நம்மிடையே உண்டு. குழாய் உள்ள காதில் இதை விடாதீர்கள். எண்ணெய் குழாயை அடைத்துவிடும், நடுக்காதுக்குள்ளும் போகும்.

எண்ணெய்க் குளியல்: தலைக்கு எண்ணெய் தேய்த்துக் குளிக்கலாம். குளிப்பதற்கு முன் பஞ்சில் வாசலின் தடவிக் காதின் வாயில் மட்டும் வையுங்கள், குளித்ததும் எடுத்துவிடுங்கள். சோப்பு நீர், வெறும் நீரைவிட எளிதாகக் குழாய்க்குள் புகும்.

காது குடைதல்: ஊக்கு, கொண்டை ஊசி, கோழி இறகு, பஞ்சுக் குச்சி எதுவும் வேண்டாம். அழுக்கு இன்னும் உள்ளே தள்ளப்பட்டுக் குழாயை மூடும். காதுக்குள் நீரைப் பீய்ச்சிக் கழுவுவதும் கூடாது. யாராவது கழுவ முன்வந்தால், காதில் குழாய் இருக்கிறது என்று முதலில் சொல்லுங்கள்.

கண் மருந்துப் புட்டி: கண்ணுக்கும் காதுக்கும் உரிய புட்டிகள் ஒன்றுபோல் இருக்கும். காது மருந்து கண்ணில் பட்டால் கடுமையாக எரியும். இரண்டையும் தனித்தனிப் பெட்டியில் வையுங்கள்.

செவித்துணைக் கருவி: மருந்து விட்ட உடனே கருவியை மாட்டாதீர்கள். எவ்வளவு நேரம் கழித்து மாட்டலாம் என்று மருத்துவரிடம் கேளுங்கள்.

பழைய மருந்து: புட்டியைத் திறந்த தேதியை அதன்மேல் எழுதி வையுங்கள். பொதுவாகத் திறந்து 4 வாரம் ஆனதும் எறிந்துவிடவேண்டும். மீதியை அடுத்தவருக்குக் கொடுக்கவேண்டாம். வெளிநாட்டிலிருந்து உறவினர் வாங்கிவந்த மருந்தையும் மருந்தாளரிடம் காட்டாமல் பயன்படுத்தாதீர்கள்.

எப்போது உடனே மருத்துவரைப் பார்க்கவேண்டும்?

• கடுமையான தலைச்சுற்றல். மருந்து விட்டதும் வரும் தலைச்சுற்றல் சில நிமிடங்களில் நிற்காதது
• கேட்கும் திறன் திடீரெனக் குறைவது; காதில் புதிதாக இரைச்சல் கேட்பது
• காதுக்குப் பின்னால் வீக்கம், சிவப்பு. காது மடல் முன்னால் தள்ளி நிற்பது
• அதிகக் காய்ச்சல், கடும் தலைவலி, கழுத்தை அசைக்க முடியாமை
• காதிலிருந்து இரத்தம் வடிவது
• நீரிழிவு நோய் உள்ளவருக்குக் காதில் தூங்கவிடாத வலி

முகத்தின் ஒரு பக்கம் திடீரெனக் கோணினால் 995 என்ற எண்ணை அழைத்து, அவசர சிகிச்சைப் பிரிவுக்குச் செல்லுங்கள்.

மருத்துவரிடம் கேட்கவேண்டிய கேள்விகள்

இந்தப் பக்கத்தை உங்களுடன் எடுத்துச் செல்லுங்கள்.

1. என் காதில் உள்ள குழாய் இன்னும் இருக்கிறதா? திறந்திருக்கிறதா?
2. குழாயை அடைத்திருப்பது என்ன?
3. இந்தச் சொட்டு மருந்து குழாய் உள்ள காதுக்குப் பாதுகாப்பானதா?
4. ஒரு நாளைக்கு எத்தனை முறை, எத்தனை சொட்டு, எத்தனை நாள் விடவேண்டும்?
5. மறுபரிசோதனைக்கு எப்போது வரவேண்டும்?

ஆங்கிலத்தில் சொல்வது புரியாவிட்டால், தமிழ் பேசும் ஊழியர் இருக்கிறாரா என்று கேளுங்கள். அல்லது பிள்ளைகளில் ஒருவரை உடன் அழைத்துச் செல்லுங்கள். கேள்வி கேட்கத் தயங்கவேண்டாம். எந்த மருந்தகத்துக்குச் சென்றாலும், எந்த மருந்தாளரிடம் பேசினாலும், முதலில் சொல்லவேண்டியது இதுதான்: “இந்தக் காதில் குழாய் இருக்கிறது.”

இக்கையேட்டிலுள்ள தகவல்கள் பொதுவான வழிகாட்டுதலுக்கு மட்டுமே. உங்களுக்கோ உங்கள் பேரப்பிள்ளைக்கோ ஏற்ற சிகிச்சையைப் பற்றி உங்கள் மருத்துவரிடம் அல்லது மருந்தாளரிடம் கலந்து பேசுங்கள்.